வாளியின் மேல் நின்று எடுத்த படம்

மார்ச் 3

கொழுந்தனாருக்கு,

என் மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதால் இன்று காலை உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் இல்லை. கடைப்பெண் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் திருகு தேடினாள். கண்ணாடி இல்லாமல் எதிர்ச்சுவர் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கண் சோதிக்கும் எழுத்துப் பலகை தொங்குகிற இடத்தில் ஏதோ வெள்ளையும் நீலமுமாகப் பெரிதாக இருந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

என் படம்.

பள்ளத்தாக்கு நிறைய மேகம். அதற்கு மேல் முதுகு முதுகாய் மலைகள். ஒற்றையடிப் பாதை ஒன்று மேகத்துக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அதன் கீழே தங்க நிற எழுத்தில், ‘எல்லையற்ற வெளி: சிகரத்திலிருந்து ஒரு விடியல்’ என்றும், அதற்கும் கீழே உங்கள் பெயரும், புகைப்படக் கழகத்தின் முதல் பரிசு என்றும் போட்டிருக்கிறது. “சார் அவ்வளவு உயரம் ஏறிப் போய் எடுத்தாராம் மேடம், குளிர்ல கை விறைச்சுப் போச்சாம்” என்றாள் கடைப்பெண். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணிடம் சண்டை போட எனக்கு வராது.

போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்திலேயே வரட்டும்.

ஒருவேளை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். மலையில் அந்தக் குடிலில் நாம் தங்கிய இரவு, விடிவதற்குள் எழுப்பி என்னையும் சிகரத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். குடில் வரை நான் உங்களுக்குப் பின்தங்காமல்தான் நடந்து வந்தேன். மூச்சு வாங்கியது உங்களுக்கு. காலையில் நான் விழித்தது வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில். நீங்கள் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அறை ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. வெளிச்சம் வந்த ஒரே இடம் குளியலறையில் மேலே இருந்த சின்ன ஜன்னல். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றேன். தலையை நீட்ட முடியாதபடி கம்பி. கையை நீட்ட முடிந்தது. நீங்கள் ‘சோப்பு டப்பா’ என்று வழியெல்லாம் கேலி செய்த என் சின்ன கேமரா அந்தக் கம்பிகளுக்கு நடுவே போயிற்று. உங்கள் தோளை இழுத்த அந்தப் பீரங்கி போயிருக்காது. வெளியே நீட்டிய கையில் இருந்ததால் திரை எனக்குத் தெரியவில்லை. வானம் வெளுத்துவிடக் கூடாதென்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, கை ஆடாமல் இருக்கப் புறங்கையைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, குருட்டுக் கணக்கில் எடுத்தேன். பலமுறை எடுத்தேன். ஒன்று சரியாக வந்தது.

பத்திரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறேன் என்று மெமரி கார்டை வாங்கிப் போனீர்கள். துடைத்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். அது எதற்கென்று இன்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

லெட்டர் வந்துச்சு. ‘தம்பி’ன்னு ஆரம்பிக்கிறவங்க ‘கொழுந்தனாருக்கு’ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு. படிச்சிட்டு ரெண்டு நாள் கடையில உட்காரவே பிடிக்கலை.

பூட்டினது உங்க நல்லதுக்குத்தான் அண்ணி. அந்தக் காட்டுல என்னென்னவோ திரியுது. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. அண்ணன் கூட வராதப்ப உங்களுக்கு ஏதாவது ஆனா ஊர் யாரைக் கேட்கும்? என்னைத்தானே? நீங்க முழிச்சிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பட்டனை அமுக்கினது நீங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பட்டன் மட்டுமா படம்? கோணலா இருந்ததை நேராக்கினது யாரு? ஓரத்துல கறுப்பா ஒரு கோடு விழுந்து கெடுத்திருந்துச்சே, அதை வெட்டினது யாரு? அத்தனை குப்பையில அந்த ஒண்ணைப் பொறுக்கினது யாரு? பேர் வெச்சது யாரு? நான் இல்லைன்னா அது இன்னமும் உங்க டப்பாவுக்குள்ளதானே கிடந்திருக்கும்.

இதை வெளிய சொல்லிக் குடும்ப மானத்தை வாங்காதீங்க. சொன்னாலும் யார் நம்புவாங்க? பாத்ரூம்ல நின்னு சோப்பு டப்பாவுல எடுத்தேன்னு நீங்க சொன்னா, கழகத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் அசிங்கம்.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. உங்க ஓரகத்தி கேட்டுக்கிட்டே இருக்கா. அவகிட்ட இதெல்லாம் பேச வேண்டாம்.

உங்கள் தம்பி


மார்ச் 14

கொழுந்தனாருக்கு,

நீங்கள் வெட்டியெறிந்த கறுப்புக் கோடு ஜன்னல் கம்பி.

நான் விழித்திருந்தது உங்களுக்குத் தெரியும். தாழ்ப்பாள் விழுந்ததும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சரளைக் கல்லில் உங்கள் காலடி நின்றது. நான் மறுபடி கூப்பிடவில்லை. ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காலடி மேலே போயிற்று. உச்சி வெயிலில் வந்து கதவைத் திறந்து, “நல்லாத் தூங்கினீங்களா அண்ணி?” என்று கேட்டீர்கள். சிகரம் முழுக்கப் பனி, ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டீர்கள். உங்கள் கேமராவில் இருந்ததெல்லாம் வெள்ளை. நானே பார்த்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மானத்துக்காக அல்ல. கோழியைக் கூடையில் கவிழ்ப்பதுபோல் ஒருவன் என்னைக் கவிழ்த்துவிட்டுப் போனான் என்று என் வாயால் சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்த வயதில் அப்படி ஒரு கதை என் பெயரோடு ஒட்டிக்கொள்வதைவிடப் படத்தை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று நான் நினைப்பேனென்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். என்னைத் தெரிந்து போட்ட கணக்குத்தான்.

மாத முடிவுக்குள் பெயரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மறுபடி கேட்க மாட்டேன்.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கீங்க? முட்டி வலி பரவாயில்லையா? (இல்லைன்னு சொல்வீங்க, தெரியும்.) நீங்களும் அதுக்கப்புறம் எழுதலை, நானும் எழுதலை. கோபம் ஆறியிருக்கும்னு நினைக்கிறேன். உள்ளுக்குள்ள நீங்க பெரிய மனசுக்காரங்கன்னு உங்க ஓரகத்திகிட்டயே சொல்லியிருக்கேன்.

ஒரு சின்ன உதவி. கழகத்தோட ஆண்டு மலர் வருது. முதல் பரிசு வாங்கினவர் ‘இந்தப் படம் பிறந்த கதை’ன்னு ரெண்டு பக்கம் எழுதியே ஆகணுமாம். நம்ம தலைவர், அந்தப் பல் டாக்டர், பல்லைப் பிடுங்குற மாதிரி பிடிச்சுக்கிட்டார். உங்க மேடைப் பேச்சு மாதிரியே அழகா எழுதிக் கொடுங்கன்னு வேற சொல்றார். அந்தப் பேச்செல்லாம் யார் எழுதினதுன்னு அவருக்கு என்ன தெரியும்!

நான் எழுதினா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கடை திறந்தப்ப போர்டுல என்ன எழுதுறதுன்னு கூட உங்ககிட்டதானே வந்து நின்னேன். வரவேற்புரை, நன்றியுரை, இரங்கல் உரை, எல்லாம் உங்க கை. அதனால கூச்சமில்லாம கேட்கிறேன். நான் சொல்ற மாதிரி எழுதணும். இருட்டுல கிளம்பினேன், குளிர், தனிமை, பனி விலகிச்சு, மனசு உருகிடுச்சு, அப்படி. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்.

மாட்டேன்னு சொல்லிடாதீங்க.

உங்கள் தம்பி


மே 26

தம்பி,

கேட்டதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் நீங்கள்தான். இருட்டு இருக்கிறது, குளிர் இருக்கிறது, தனிமை நிறைய இருக்கிறது. பனி விலகவில்லை; அன்று விலகாததால் அதை மட்டும் எழுத முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருமா என்று தெரியாது. யாருடைய கண்ணில் என்பதும் எனக்குத் தெரியாது.

இத்தனை வருடங்களில் உங்களுக்காக நான் எழுதியவற்றில் இதில்தான் பொய்யே இல்லை. அதனால் சிரமப்பட்டுத்தான் எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

ஒரு நிபந்தனை. வழக்கம்போல் வாங்கிய கையோடு கொடுத்துவிடாதீர்கள். உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். உங்களுக்குப் பிடிக்காத வரி இருந்தால் அடித்துவிடுங்கள். முழுவதும் பிடிக்காவிட்டால் முழுவதையும் அடித்துவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். படித்துவிட்டுப் போடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். படியுங்கள்.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

‘தம்பி’ன்னு பார்த்ததும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. உங்க கோபமெல்லாம் எத்தனை நாளைக்கு!

கையெழுத்துப் போட்டு அன்னைக்கே டாக்டர் கையில கொடுத்துட்டேன். நீங்க எழுதினதை நான் படிச்சுத் திருத்துறதா? கடையில வேற ஸ்கூல் பிள்ளைங்க கூட்டம், எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல கண்ணு கெட்டுப்போச்சு. நடுவுல ஒரு வரி பார்த்தேன், ‘உதிரும் நட்சத்திரங்களுக்குக் கீழே’ன்னு. அடடா!

டாக்டர் ராத்திரி போன் பண்ணினார். “சார், இதை அப்படியே போடலாமா? நல்லா யோசிச்சுத்தான் கொடுத்தீங்களா?”ன்னார். பொறாமை பிடிச்ச மனுஷன், நல்லா இருந்தா தாங்காது. ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். அப்புறம் “உங்களை நான் தப்பா நினைச்சிருந்தேன்”ன்னு சொல்லிட்டு வெச்சிட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு நீங்க வரணும். முன் வரிசையில இடம் சொல்லியிருக்கேன்.

உங்கள் தம்பி


ஜூலை 8

அண்ணி,

நீங்க விழாவுக்கு ஏன் வரலைன்னு இப்பத்தான் புரியுது.

டாக்டர் மைக் பிடிச்சு, ‘இந்தக் கட்டுரையை நானே வாசிக்கிறேன்’ன்னார். நான் முன் வரிசையில கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கேன், தலையை வேற ஆட்டிக்கிட்டு. ‘உதிரும் நட்சத்திரங்களுக்குக் கீழே’ன்னு வந்துச்சு. அடுத்த வரி, ‘என் அண்ணன் மனைவியை உள்ளே வைத்துத் தாழிட்டேன்.’ நான் சிரிச்ச முகத்தோடயே இருக்கேன் அண்ணி! முகத்தை மாத்திக்க நேரமே கிடைக்கலை!

‘அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நின்றேன். கேட்காதவனைப் போல நடந்தேன். சிகரத்தில் எனக்குப் பனியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் பாராட்டும் இந்தப் படம் நான் அடைத்து வைத்தவர் குளியலறைக் கம்பிகளுக்கு வெளியே கை நீட்டி எடுத்தது. இதற்கு எல்லையற்ற வெளி என்று பெயர் வைத்தவன் நான்.’ கீழே என் கையெழுத்து. என் கையெழுத்து அண்ணி!

நான் எழுதலைன்னு கத்தலாம்னு எழுந்தேன். அப்ப யார் எழுதினதுன்னு கேட்பாங்க. அப்ப இத்தனை வருஷப் பேச்செல்லாம் யார் எழுதினதுன்னும் கேட்பாங்க. எல்லாம் யோசிச்சுத்தானே பண்ணீங்க? படுபாவி வேலை. நீங்க படிச்ச கான்வென்ட்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?

ஆனா ஒண்ணு கேளுங்க. நான் எழுந்து நின்னதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டிச்சு. டாக்டர் கீழே இறங்கி வந்து கட்டிப் பிடிச்சார். ‘இவ்வளவு பேர் முன்னால தன் தப்பைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்’னார். என்னைக் குழியில தள்ளப் பார்த்தீங்க. மேடையில ஏத்திட்டீங்க. ரொம்ப நன்றி.

பரிசை உங்க பேருக்கு மாத்தி எழுதியிருக்காங்க. சந்தோஷமா?

உங்க ஓரகத்தி மட்டும் கை தட்டலை.


ஜூலை 13

கொழுந்தனாருக்கு,

கைதட்டலும் உங்களுக்குத்தானா?

இந்த ஐந்து நாளாக என் போன் ஓயவில்லை. கழகத்து ஆட்கள். “பாவம்மா நீங்க, எப்படித் தவிச்சிருப்பீங்க” என்கிறார்கள். ஒருத்தி அழுதாள். பூட்டியவன் துணிச்சல்காரன், பூட்டப்பட்டவள் பாவம். படத்தைப் பற்றி ஒரே ஒருவர் பேசினார், அவரும் அந்த வாளி உடையவில்லையா என்றுதான் கேட்டார். நான் மறைத்து வைத்திருந்ததை நானே எடுத்துத் தெருவில் போட்டேன். அதற்குக் கிடைத்தது இது.

பரிசுச் சான்றிதழ் வந்தது. என் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன். மனம் ஆறவில்லை. ஆறும் என்று நினைத்திருந்தேன்.

எனவே கேளுங்கள். வெட்டாத முழுப் படம் உங்களிடம் இருக்கிறது. கடைச் சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் முழுப் படத்தைப் போடுங்கள், கம்பியோடு. கீழே என் பெயர். அது என்ன கறுப்புக் கோடு என்று கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நீங்கள் உங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். கைதட்ட அங்கே கூட்டம் இருக்காது.

மறுத்தால், கட்டுரையை எழுதியது நான்தான் என்று டாக்டருக்கு ஒரு வரி போடுவேன். உங்கள் பேச்சுகளின் கைப்பிரதி எல்லாம் என் அலமாரியில்தான் இருக்கிறது. துணிச்சல்காரர் அந்த நிமிடமே ஒன்றுமில்லாதவராகிவிடுவார்.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணி,

போட்டுட்டேன். வந்து பார்த்துக்கோங்க, இல்லை கடைப்பொண்ணைக் கேட்டுக்கோங்க. நேத்து ஒரு பெரியவர் கண் சோதிக்க வந்தார். “அந்தக் கறுப்புக் கோடு எனக்கு மட்டும் தெரியுதா, கண்ணுல ஏதாவது கோளாறா?”ன்னு கேட்டார். கோளாறு இல்லை சார், ஜன்னல் கம்பின்னேன். எந்த ஜன்னல்னார். சொன்னேன். “ஏன் பூட்டினீங்க?”ன்னார். நான் துடைச்ச லென்ஸையே மறுபடி துடைச்சுக்கிட்டிருந்தேன். கண்ணாடி வாங்காமலே எழுந்து போயிட்டார்.

இனிமே உங்களுக்கு என்ன வேணும்னு தெரியலை. இந்த லெட்டர் அதுக்கு இல்லை.

உங்க ஓரகத்தி உங்க வீட்டுலதான் இருக்கான்னு தெரியும். பெட்டியோட கிளம்பினப்ப, ‘அக்கா வீட்டுக்குப் போறேன்’னு மட்டும் சொன்னா. அதுக்கு முந்தின ராத்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டா. “அவங்க கூப்பிட்டப்ப நீங்க நின்னது நிஜமா?”ன்னு. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அண்ணி. வரலை. காதுல விழாம போயிருந்தீங்கன்னா கூடப் பரவாயில்லை, நின்னுட்டுப் போயிருக்கீங்களேன்னா. அவ்வளவுதான்.

நான் ஏன் பூட்டினேன்னு உங்களுக்காவது சொல்லிடறேன். நீங்க என்னை விட நல்லா நடந்தீங்க. வழியில உங்க டப்பாவுல எடுத்ததைக் காட்டினீங்க, அதுவும் என்னோடதை விட நல்லா இருந்துச்சு. சிகரத்துலயாவது நான் தனியா இருக்கணும்னு நினைச்சேன். இவ்வளவுதான் விஷயம். இதை எப்படி ஒருத்தர்கிட்ட சொல்றது?

அவளுக்கு ஒரு லெட்டர் எழுதணும். மன்னிப்புக் கேட்டு. பத்து நாளா உட்கார்ந்து பார்க்கிறேன், ரெண்டு வரிக்கு மேல போகலை. நீங்க எழுதிக் கொடுங்க. கடைசியா ஒரு தடவை. உங்க வார்த்தையில சொன்னா அவ வருவா. இந்தத் தடவை சத்தியமா படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

எழுதின ரெண்டு வரியை இதோட வெச்சிருக்கேன். எப்படியாவது ஒப்பேத்துங்க.

உங்கள் தம்பி


ஆகஸ்ட் 12

கொழுந்தனாருக்கு,

எழுத மாட்டேன்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் உங்கள் பெயரில் வாசித்ததும் என் வார்த்தை. அதற்குத்தான் கைதட்டல் வாங்கினீர்கள். நான் அவளுக்கும் எழுதித் தந்தால் உங்களை மன்னிப்பாள், பிறகு, தான் நம்பி வந்தது என் வார்த்தையை என்று தெரியாமலே காலமெல்லாம் உங்களோடு குடும்பம் நடத்துவாள். அந்த அளவுக்கு நான் நல்லவளல்ல.

பூட்டியதற்கு நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்தேன். நம்புகிறேன். மன்னிக்கவில்லை. என் நடை உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அது எனக்குப் பாராட்டு. அதற்காக ஒரு காலைப் பொழுது முழுவதும் குளியலறையில் கழித்தது பாராட்டல்ல. நான் மன்னித்துவிட்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது வதந்தி.

அவள் நன்றாக இருக்கிறாள். காலையில் இருவரும் நடக்கிறோம். முதல் மூன்று நாள் பின்தங்கினாள். இப்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறாள். இத்தனை வருடமும் உங்களோடு ஒரு மலைக்கும் அவள் வராதது, அவளுக்கு இஷ்டமில்லாததால் என்றுதானே எல்லோரிடமும் சொன்னீர்கள்? அவளை யாரும் கூப்பிட்டதே இல்லையாம். அடுத்த வாரம் அந்தக் குடிலுக்குப் போகிறோம். சிகரத்துக்கும் போவோம். பனி இருந்தால் பனியைப் படம் எடுத்துக்கொண்டு வருவோம்; எங்களுக்குப் போட்டி ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதிய இரண்டு வரியை நான் ஒப்பேற்றவில்லை. அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டேன். ‘வீட்டுக்கு வந்துடு. நீ இல்லாம சாப்பாட்டுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.’ பத்து நாள் உட்கார்ந்து உங்களுக்குக் கிடைத்தது இது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள். என்னிடம் பேனா கேட்டாள்.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடியில் ‘போதாது, திரும்ப எழுதவும்’ என்று இருப்பது அவள் கையெழுத்து. எத்தனை முறை எழுதினாலும் படித்துப் பார்ப்பாளாம். அவசரமில்லையாம்.

அண்ணி